பிரஸ் பட்டன் வைத்த கூடாரம்

திருப்பூர்க்காரன் துணிக்குக் காசு கொடுக்க மாட்டான். வெளியூர்க்காரர்கள் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். நாங்கள் கௌரவம் என்போம். பனியன், ஜட்டியை விடுங்கள். என் வீட்டில் தலையணை உறை, வண்டி துடைக்கும் துணி, ஃபிரிட்ஜின் தலையில் கிடக்கும் விரிப்பு எல்லாமே எந்த நாட்டுக்கோ போகக் கிளம்பிப் பாதியில் நின்றுபோன ஆர்டரின் மிச்சம்தான். ஆகவே காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவது என்று முடிவானபோது, கூடாரத்தைக் கடையில் வாங்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கம்பெனி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, துணி இருக்கிறது. கூடாரம் என்பது கொஞ்சம் பெரிய சட்டைதானே.

கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். வீரபாண்டியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அங்கே கைக்குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கிறோம். கை, கால், உடம்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ராம்பர். டயப்பர் மாற்றுவதற்காகக் கவட்டையில் வரிசையாக பிரஸ் பட்டன். நான் ஜென்மத்தில் பார்க்கப்போகாத ஊர்களின் குழந்தைகளுக்குத் தலை எத்தனை பெரியது, தொடை எத்தனை பருமன் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு எதுவும் அந்த அளவுக்குத் தெரியாது.

பவர் டேபிள் என்கிற கரண்ட் மெஷினில் உட்காரும் டெய்லர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கூடாரம் என்றதும் உற்சாகமாகிவிட்டார்.

"அண்ணே, மெஷர்மென்ட் சார்ட்டு?"

"நாலு பேர் படுக்கோணும். அதுதான் சார்ட்டு."

"வாசலுக்கு ஜிப்பு வைக்கவா?"

"நம்மகிட்ட ஏதுப்பா ஜிப்பு?"

"அப்பம் பிரஸ் பட்டனே அடிச்சிருவோம். கழுத்துக்கு ரிப்பு?"

"கூடாரத்துக்கு ஏது கழுத்து?"

"காத்துக்கு மேல ஒரு ஓட்டை வேணும்லாண்ணே. ஓட்டைன்னா அது கழுத்துதான்."

மறுநாள் மேசைமேல் கிடந்தது கூடாரம். கழுத்துக்கு இழுபடும் ரிப் பட்டி, வாசலுக்குப் பிரஸ் பட்டன், பக்கத் தையலில் துவைக்கும் முறை சொல்லும் லேபிள், அதன் கீழே சைஸ் லேபிள்: 18-24 மாதம். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய சைஸ் அதுதான். லேபிள் இல்லாத பீஸைக் கம்பெனியைவிட்டு வெளியே விட அவருக்கு மனசு வரவில்லையாம்.

மழை வந்தால் பின்னல் துணி என்ன செய்யும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாதா என்ன. காலையிலிருந்து இரவு வரை அந்தத் துணியோடுதான் வாழ்கிறோம். அதனால்தான் தோன்றவில்லை போலிருக்கிறது.

எதற்காக அந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கூடாரத்தைப் பற்றிப் பேசுவது சுலபம் என்பதால் அதில் ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைக்கும் லட்சணம் தெரிந்ததுதான். என் மனைவி அப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்கு வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீஸில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். ஒருமுறை என் கம்பெனிக்கு வந்து, கழுத்து சரியில்லை என்று ஒரு லாட் முழுவதையும் திருப்பி விட்டுப் போனாள். அடுத்த வருடம் அவளுடைய ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சரக்கை ஃபெயில் செய்தவள் என்னை எப்படிப் பாஸ் செய்தாள் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டால் மறுபடி எடுத்துப் பார்ப்பாளோ என்று பயம்.

பெண் இரண்டாம் வகுப்பு. பையன் எல்கேஜி. இந்த வருடம் மூன்றாவதாக ஒன்று வருவதாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் என்னைத் தாத்தா என்று நினைக்கிறவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இனி பூட்டன் என்பார்கள் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சை நிறுத்தித் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு நினைவிருப்பவை பயனற்றவை. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஓர் எழுத்துப்பிழை. கேன்டீன் தக்காளி சாதத்தில் உப்பில்லை. அழுகை வரவில்லை, பசி வந்தது. அதற்காக வெட்கப்பட முயன்றேன், அதுவும் சரியாக வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்குப் போய், பெட்டி அடுக்குவதை மேற்பார்வை செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன். புத்தகங்களில் படித்த துக்கங்களெல்லாம் எவ்வளவு சுறுசுறுப்பானவை! என்னுடையது மரத்துப்போக ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. பல் இருக்கிறது, வலி இருக்கிறது, இடம் மட்டும் நம்முடையதில்லை.

அதற்கு நடுவில் ஒரு வேலை செய்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பையன், "பாப்பா எங்கீங்கப்பா?" என்றான். "ஆஸ்பத்திரில இருக்குது கண்ணு" என்றேன். அதற்கப்புறம் அவன் தினமும் பல் துலக்குகிறபோது, வாயில் நுரையோடு, பாப்பா இன்றைக்கு வருமா என்று கேட்பான். பெண் ஒருநாளும் கேட்கவில்லை. அவளுக்கு வயது பெரிது, மறந்திருப்பாள் என்று நினைத்தேன். நான் ஓர் அறிவாளி.

என் மனைவி பிள்ளைகள் தூங்கின பிறகு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ஏனுங்க, அந்தப் பொய்ய நீங்கதானுங்களே சொன்னீங்க. நீங்களே எடுத்துருங்க. என்னால ஆவாது."

"சொல்றேன் அம்மிணி."

"இந்த ஊட்டுக்குள்ள வேண்டாங்க. எங்கியாச்சும் வெளிய போய்ச் சொல்லுங்க. சொல்லிப்போட்டுத்தான் திரும்பி வரோணும்."

ஏரிக்கரை அப்படி வந்ததுதான். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், மனைவிக்குக் காற்று மாற்றம், எனக்கு ஒரே ஒரு வாக்கியம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாசமாக இருக்கிற வீட்டில், பிறக்கும் முன்னே குழந்தைக்குத் துணி எடுத்து வைக்கக் கூடாது என்பார்கள். என் அக்கா சேவூரிலிருந்து வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து இதைக் கட்டளையாகவே சொன்னாள். "பொறக்கட்டும், அப்பறம் பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்திக்கலாம். அதுக்கு முன்னால ஒரு துண்டுத் துணி உள்ள வரக்கூடாது. வந்துதுன்னா தங்காது." பக்கத்தில் என் பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாள் முழுக்கக் குழந்தை உடுப்புத் தைக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு சட்டம் என்று நான் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். ஆனாலும் கம்பெனியிலிருந்து எதுவும் வீட்டுக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஏரி வெள்ளகோவிலுக்குத் தெற்கே. எங்களுக்கு அட்டைப்பெட்டி தரும் நண்பருக்கு அதன் கரையில் ஒரு தோட்டம் உண்டு. போகிற வழியில் பின்சீட்டிலிருந்து பெண் கேட்டாள்:

"ஏரி ஆழமாங்கப்பா?"

"கரையோரம் ஆழமில்ல கண்ணு. பயப்படாத."

"நடுவுல?"

"நடுவுல ஆழந்தான். அங்க நாம போகமாட்டோம்."

அவள் தன் பள்ளிக்கூடப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அதை டிக்கியில் வைக்கச் சொன்னபோதும் கொடுக்கவில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் நண்பரின் சித்தப்பா. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, நாங்கள் இறக்கிய மூட்டையையும் பிளாஸ்டிக் குழாய்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதென்னுங்க, ஏதாச்சும் கடை போடறீங்களா?"

"இல்லீங்க. கூடாரம். பசங்க ஆசப்பட்டாங்க."

"சாளை ஊடு காலியாத்தான் கெடக்குதுங்க. ஓடு மாத்தி, ஃபேன் போட்டு, கட்டலு கெடக்குது. ஊட்ட உட்டுப்போட்டு எதுக்குங்க மண்ணுல படுக்கறீங்க?"

"வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தானுங்க படுப்பாங்க."

"அவங்களுக்கு ஊடு இல்லீங்களா?" என்றார், உண்மையான அக்கறையோடு.

குழாய்களைச் சொருகித் துணியை மேலே இழுத்து மாட்டினோம். பின்னல் துணியின் ஒரே நற்குணம் இழுத்தால் வரும் என்பது. ஒரு மூலையை இழுத்தால் எதிர்மூலை நகர்ந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டது. ஒருவழியாக அது நின்றபோது, மஞ்சள் நிறத்தில், இரண்டு கைகளையும் பரப்பிக்கொண்டு தலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெருங்குழந்தை மாதிரி இருந்தது. பையன் பிரஸ் பட்டன்களைப் பட்பட்டென்று பிரித்து உள்ளே ஓடினான், வெளியே ஓடினான், மறுபடி உள்ளே ஓடினான்.

மனைவி கிட்டே வந்தாள். துணியின் மேல் விரலை வைத்து ஒரு வாத்தைத் தடவினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். வெளிர்மஞ்சளில் சின்னச் சின்ன வாத்துகள். பிறந்த குழந்தைகளுக்கு, ஆணோ பெண்ணோ தெரியாதவர்கள் வாங்கட்டும் என்று போடும் டிசைன். எனக்கு அது ரேக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ஒரு ரோல். அளந்திருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

"வேற துணி இல்லீங்களா?" என்றாள்.

"மிச்சம் இதுதான் இருந்துச்சு."

"ம்." பிறகு வாசல் பட்டன் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சரக்கு பார்க்கிறவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள். "பட்டன் நல்லாத்தா நிக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

பெண் கூடாரத்துக்குள் வரவேயில்லை. தூரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்து பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டீ குடித்ததும், நேரம் வந்துவிட்டது என்று பிள்ளைகளை அழைத்துக் கரையில் உட்காரவைத்தேன். மனைவி பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அது இவ்வளவு மோசமாக இருக்கும் என்று வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"கண்ணு, நம்ம கம்பெனிக்கு ஆர்டர் வரும்ல? சில சமயம், வரும் வரும்னு எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருப்போம். அப்பறம் பாத்தா—"

"அப்பா, சிப்ஸு," என்றான் பையன்.

"இரு. அப்பறம் பாத்தா, யாரு தப்பும் இல்லாமயே—"

"மசாலா சிப்ஸு."

மனைவியின் முதுகு அசையவில்லை. நான் எழுந்து போய்ச் சிப்ஸ் எடுத்து வந்தேன். இவ்வளவு விசுவாசத்தோடு நான் யாருக்கும் சிப்ஸ் எடுத்துக்கொடுத்ததில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் மேற்கே கறுத்து, சடசடவென்று மழை இறங்கியது. பெரிய மழையொன்றும் இல்லை. சாளைக்கு ஓடினால் தலை மட்டும் நனையும். ஆனால் கனத்த இன்டர்லாக் பின்னல் துணிக்கு அதுவே போதும். குடித்தது. குடித்துக்கொண்டே நீண்டது. கழுத்து ரிப் வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே ஊற்றியது. குழாய்கள் வளைய, அந்தப் பெருங்குழந்தை மெதுவாகக் குனிந்து, நான் உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம் என்மேலேயே படுத்துக்கொண்டது. ஈரத் துணி முகத்தில் ஒட்ட, வாத்துகளுக்கு நடுவே பிரஸ் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே கரையிலிருந்து பையனின் குரல் கேட்டது.

"அம்மா! அக்கா பாப்பா துணியத் தண்ணில போட்டுட்டா!"

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பெண் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் வெளிர்மஞ்சளாக ஒன்று மிதந்தது. மனைவி ஓடிப்போய் அவளைக் கரைக்கு இழுத்தாள். நான் இடுப்பு வரை இறங்கி அதை எடுத்து வந்தேன். ராம்பர். எங்கள் கம்பெனியில் தைத்தது, இதே வாத்து. பருத்தித் துணி காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும், உடனே மூழ்காது. அது அவளுக்குத் தெரியாது. வேகமாகப் போய் அடியில் உட்கார்ந்துவிடும் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

"இது ஏது கண்ணு?" என்றாள் மனைவி.

பெண் அழவில்லை. அவளும் என்னைப்போலத்தான்.

"கம்பெனிக்குப் போனப்ப நான் எடுத்துட்டு வந்துட்டேன். பாப்பாவுக்கு. யாருக்கும் தெரியாம பேக்ல வெச்சிருந்தேன். அத்தை சொன்னாங்கல்ல, துணி உள்ள வந்தா தங்காதுன்னு. அதுக்கப்பறந்தானுங்கம்மா பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆழத்துல போட்டுட்டா பாப்பா வந்துரும்னு நெனச்சேன். ஆனா அப்பா அவ்ளோ பெருசா தைச்சுட்டு வந்துட்டாரு. அத எப்பிடிப் போடறது?"

நாங்கள் நால்வரும் திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தோம். அது சேற்றில் கவிழ்ந்து கிடந்தது.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதெல்லாம் மூடநம்பிக்கை என்பதற்கு ஆதரவாக நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். கையில் சொட்டிக்கொண்டிருந்த ராம்பரை மனைவி வாங்கிக்கொண்டாள்.

முறுக்கிப் பிழிந்தாள். உதறினாள். கார் பானெட்டின் மேல் விரித்துக் கைகளை நேராக்கினாள். கழுத்தை இரண்டு கட்டைவிரலால் இழுத்து விட்டாள். தோளைத் தோளோடு சேர்த்து மடித்துப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பித் தையலை ஓரமாக நகத்தால் உரசிக்கொண்டு போனாள். பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். டேப் இல்லாததால் சாணால் அளந்தாள். மழை தூறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் இரண்டும் ஏதோ பரீட்சை நடப்பதுபோல நின்றன. அவள் வேலையில் இருந்த காலத்தில் என் சரக்கைப் பார்த்த அதே முகம்.

"கழுத்து ஏறியிருக்குது" என்றாள். "ரிஜெக்ட்."

பெண் எட்டிப் பார்த்தாள். "எங்கீங்கம்மா?"

"இங்க. முன்கழுத்து கோணல். இது ரிஜெக்ட் பீசு கண்ணு. ரிஜெக்ட் ஆனா அது துணியே இல்ல. கணக்குல வராது. நீ ஊட்டுக்குள்ள துணியே கொண்டு வரல."

"அப்பா தைச்சது?"

"அதுவுந்தான். அதப் பாத்தாலே தெரியுதல்ல."

எங்கள் வீட்டில் அம்மாவின் ரிஜெக்ட்டை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பெண்ணின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

"அப்ப பாப்பா வந்துருமுங்களா?" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"வராது கண்ணு" என்றேன்.

"நாளைக்கு?" என்றான் பையன்.

"நாளைக்கும் வராது. அப்பா பொய் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிலயும் பாப்பா இல்ல. அம்மா வயித்துலயே வளராம நின்னு போச்சு. யாரும் ஒண்ணும் பண்ணுல. துணியும் பண்ணுல."

சொல்லி முடித்ததும் ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை. பையன் தன் சிப்ஸ் பாக்கெட் நனைந்துவிட்டதா என்று பார்த்தான். பெண் அம்மாவின் சேலைத் தலைப்பை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிறகு அம்மாவின் முகத்தையும். பெரியவர் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு வந்து, "நான் அப்பவே சொன்னனுங்களே, வாங்க சாமி, புள்ளைகளுக்குச் சளி புடிச்சுக்கும்" என்று எல்லோரையும் சாளைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே ஃபேனுக்கு அடியில், கட்டிலில், உள்நாட்டு மக்களைப் போலப் படுத்துத் தூங்கினோம்.

காலையில் நான் முதலில் எழுந்தேன். ராம்பர் கார் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு காய்ந்திருந்தது. எடுத்து பானெட்டில் விரித்தேன். எனக்கும் தொழில் தெரியும். முன்கழுத்து, பின்கழுத்து, தோள், தையல் ஓரம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எங்கள் கம்பெனியிலிருந்து போன நல்ல பீஸ்களில் ஒன்று. என் மனைவி தன் வாழ்நாளில் நல்ல பீஸை ரிஜெக்ட் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னுங்க பாக்கறீங்க?"

"கழுத்து ஏறித்தான் இருக்குது" என்றேன்.

"ஆமாங்க" என்று வாங்கி, செக்கிங் மேசையில் மடிப்பதுபோல இரண்டு கைகளையும் உள்ளே வைத்து மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பின்சீட்டில் சத்தம். பெண் தம்பியின் பனியன் கழுத்தை இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்து ஏறியிருக்குது. நீ ரிஜெக்ட்டு."

"நான் ரிஜெக்ட் இல்ல! அம்மா! நான் ரிஜெக்ட் இல்லன்னு சொல்லுங்க!"

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல சாமி. நீ பாஸு."

"அக்கா?"

"அவளும் பாஸு."

என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. டிக்கியில் ஈரக் கூடாரம் கனத்துக் கிடந்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி பின்னால் இழுத்தது.